எண்ணெய் அழுத்தமானியும் பிரமாண விசாரமும்

ஓர் அறிவு உண்மையானது என்பது அந்த அறிவு தோன்றும்போதே தானாக விளங்கிவிடுகிறதா, அல்லது வேறோர் அறிவு வந்து அதற்குச் சாட்சி சொன்ன பிறகுதான் விளங்குகிறதா என்ற கேள்வியை நம் தேசத்துத் தரிசனகாரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விசாரித்து வந்திருக்கிறார்கள். தானாகவே விளங்கும் என்ற மீமாம்சகர் கொள்கைக்கு ஸ்வதப் பிராமாண்யம் என்றும், பிறிதொன்றால்தான் விளங்கும் என்ற நையாயிகர் கொள்கைக்குப் பரதப் பிராமாண்யம் என்றும் பெயர். இரு தரப்பினரும் எடுத்தாளும் திருஷ்டாந்தங்கள் பெரும்பாலும் பழையவை: குடம், துணி, மலைமேல் புகை, சிப்பியில் தோன்றும் வெள்ளி, கானல் நீர். அவற்றின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவற்றைத் தவறாக அறிந்தவன் பெரிதாக எதையும் இழப்பதில்லை என்பதை ஒரு குறையாகவே கருதுகிறேன். சிப்பியைக் குனிந்து எடுத்து ஏமாந்தவன் அதை எறிந்துவிட்டுத் தன் வழியே போகலாம். கண்டது மெய்யா பொய்யா என்று சில விநாடிகளுக்குள் தீர்மானித்தாக வேண்டும், தீர்மானம் பிழைத்தால் கைப்பொருள் அழிந்துபோகும் என்ற நிலையில் ஒருவனை நிறுத்திப் பார்த்தால்தான் இந்த வாதத்தின் முழு வலிமையும் புலப்படும். மோட்டார் காரில் எண்ணெயின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அறிவதற்காகச் சொந்தக்காரர் பின்னாளில் தாமாக வாங்கிப் பொருத்திக்கொள்ளும் இரண்டு சிறு மானிகள் அத்தகைய நிலையில் நம்மை நிறுத்துகின்றன.

எந்தக் காரைக் கொண்டும் பேசலாம். வோக்ஸ்வாகன் கம்பெனியின் பீட்டில் காரை நான் எடுத்துக்கொள்கிறேன். அதைவிடக் குறைவாகத் தன் உடல்நிலையைப் பற்றிப் பேசும் கார் மிக அரிது. 2003-இல் மெக்ஸிகோ தேசத்துப் புவெப்ளா நகரில் கடைசி வண்டி வெளிவரும் வரையில் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட அந்தக் காருக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. விசிறி தள்ளும் காற்றும் இரண்டரை லிட்டர் எண்ணெயுமே இஞ்சினின் உஷ்ணத்தைச் சுமந்து வெளியேற்ற வேண்டும். எண்ணெயை வடிகட்டுவதற்கும் ஒரு கம்பி வலைதான். இவ்வளவு பொறுப்பை எண்ணெயின்மேல் சுமத்தியிருந்தும், அதன் க்ஷேமத்தைப் பற்றி ஓட்டுபவருக்குத் தெரிவிக்க ஒரு சிறு விளக்கை மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். 1960-களின் தொடக்கம் வரையில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளைக்கூட அவர்கள் தரவில்லை. இஞ்சின் இருமத் தொடங்கினால் காலடியில் இருந்த ரிசர்வ் குழாயைத் திருப்பிவிட்டு அடுத்த பங்க்கைத் தேடிப் போகவேண்டியதுதான்.

அந்த விளக்கே ஒரு தத்துவப் பாடம். அது எரியாமல் இருப்பதுதான் நல்ல செய்தி. ஒன்று தோன்றாமையைக் கொண்டு ஒன்று இல்லாமையை அறிவதற்கு அநுபலப்தி என்று பெயரிட்டு, அதைத் தனிப் பிரமாணமாகவே குமாரில பட்டரின் வழியில் வந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வஞ்சி மாநகரில் மணிமேகலை வைதிகவாதியிடம் கேட்டறிந்த அளவைகளின் வரிசையிலும் அபாவம் என்று அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்ற யோக்கியதை உள்ள இடத்தில் படாமல் இருந்தால்தான் இல்லாமை சித்திக்கும். சாவியைத் திருப்பியவுடன், இஞ்சின் ஓடத் தொடங்குவதற்கு முன், அந்த விளக்கு ஒருமுறை எரிகிறதே, அது எதற்காக? தனக்கு எரியத் திராணி உண்டு என்று நிரூபித்துக்காட்டுவதற்காகத்தான். பல்பு கருகிப்போன காரில் விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாகப் போகிறவர் இருட்டறைக் குடத்துக்காரர். யோக்யாநுபலப்தியைப் பற்றி ஒரு வரியும் படித்திராத ஜெர்மானியப் பொறியாளர்கள், அந்த இலக்கணத்தைத் தினந்தோறும் நடத்திக்காட்டும்படி ஒரு கம்பியை இணைத்து வைத்திருப்பதை நான் எப்போதும் வியப்பேன்.

ஆயினும் விளக்குக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. அதற்கு உத்தரவு கொடுக்கும் சுவிட்ச், சதுர அங்குலத்துக்குச் சில ராத்தல் என்ற அளவுக்கு அழுத்தம் சரிந்த பிறகே மூடி மின்சுற்றை இணைக்கும். நல்ல வேகத்தில் ஓடும்போது நாற்பது ராத்தல் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்துதான் இருக்கிறது என்றால் விளக்கு வாய் திறக்காது. அது பேசும்போது நோய் முற்றிப்போயிருக்கும். கிராங்க் சுழலும் பேரிங்குகளில் உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கியிருக்கலாம். ஆகையால் சொந்தக்காரர் கடைக்குப் போய் இரண்டு மானிகளை வாங்கி வருகிறார். சைவ சித்தாந்திகள் காட்சியை நான்காக வகுத்து, சுக துக்கங்களை ஆன்மா தனக்குள்ளேயே உணர்வதைத் தன்வேதனைக் காட்சி என்றார்கள். தமக்கு ஜுரம் என்றால் சொந்தக்காரருக்கே தெரிந்துவிடும். இஞ்சினுக்கு ஜுரம் என்பதை அவர் அநுமானமாகத்தான் அறியவேண்டும். அநுமானத்துக்கு ஒரு லிங்கம், ஓர் அடையாளம் தேவை. அதைத்தான் அவர் விலை கொடுத்து வாங்குகிறார்.

பொருத்தும் வேலை எளிதாகத் தோன்றும்; அதில்தான் பொய்கள் நுழைகின்றன. அழுத்தமானிகளில் இரண்டு வகை உண்டு. 1849-இல் யூஜீன் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற முறையில், தட்டையாக்கி வளைத்த ஒரு குழாய்க்குள் அழுத்தம் ஏறஏற அது நிமிர முயல்வதைக் கொண்டு முள்ளை நகர்த்துவது ஒன்று. அதில் இஞ்சினின் எண்ணெயே மெல்லிய குழாய் வழியாக ஓட்டுபவரின் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும்; குழாய் வெடித்தால் கொதிக்கும் எண்ணெய் வேட்டியில்தான். மற்றொன்று மின்சார வகை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே திருகியிருக்கும் விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, ஒரு கிளையில் பழைய சுவிட்சையும் மறு கிளையில் மானிக்குரிய சென்சாரையும் பொருத்துவார்கள். பழைய சாட்சியை வெளியேற்றாமல் புதிய சாட்சியை அழைப்பது நல்ல முறை. திருகு கூம்பு வடிவம், இஞ்சினின் உடம்போ மக்னீஷியக் கலவை; எண்ணெய் கசியக்கூடாது என்று ஆவேசமாக இறுக்கினால் உடம்பே விரிசல் விடும். உஷ்ணத்துக்கு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் இடத்தில் செருகும் சென்சார் கிடைக்கிறது. அடித்தட்டில் திருகும் வகையும் உண்டு.

இனி அந்தச் சென்சாரின் சுபாவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடையை மாற்றிக்கொள்வதன் மூலமாகப் பேசுகிறது. ஐரோப்பிய வழக்கில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் ஏறக்குறைய 180 ஓம். அமெரிக்க வழக்கில் இதற்கு நேர்மாறாக, அழுத்தம் இல்லாதபோது 240, முழு அழுத்தத்தில் 33. அமெரிக்கச் சென்சாரை ஐரோப்பிய மானியோடு இணைத்துவிட்டால், இஞ்சின் உறங்கும்போது முள் உச்சியில் நிற்கும், ஓடும்போது இறங்கும். பேசுபவர் ஒரு பாஷையிலும் கேட்பவர் ஒரு பாஷையிலும் இருக்கிறார்கள். சொல் சரி, கேள்வியும் சரி, அறிவு விபரீதம். இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவ்வளவு அபாயமானதன்று.

அபாயமானது எர்த் பிழை. சென்சாரின் உலோக உடம்பே இஞ்சினைத் தொட்டு மின்சுற்றைப் பூர்த்தி செய்கிறது. கசிவுக்குப் பயந்து திருகின்மேல் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியவர், அல்லது அதிர்வுக்குப் பயந்து சென்சாரை ரப்பர் குழாயின் முனையில் எட்டத்தில் பொருத்தித் தனி எர்த் கம்பி கொடுக்க மறந்தவர், அந்தச் சுற்றில் வேண்டாத தடையைச் சேர்த்துவிடுகிறார். ஐரோப்பிய அழுத்தமானியில் தடை கூடினால் முள் மேலே போகும். உஷ்ணமானியிலோ, சூடு ஏறத் தடை குறையும் வகைச் சென்சார் இருப்பதால், தடை கூடினால் முள் கீழே போகும். அதாவது ஒரே பிழை, அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றும் உஷ்ணம் தணிவாக இருக்கிறது என்றும், இரண்டு காதுகளிலும் இனிக்க இனிக்கச் சொல்லும். கம்பி அறுந்தே போனால் அழுத்தத்தின் முள் உச்சிக்கு ஏறிவிடும்.

இது தற்செயலான பௌதிக விஷயம் என்பதை அறிவேன். ஆனால் பிராமாண்ய வாதத்தில் மீமாம்சகர் சொன்னதன் ஒரு கூர்மையான பகுதி இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. ஏழாம் நூற்றாண்டினரான குமாரிலர், தோன்றிய அறிவு தன் பலத்தாலேயே பிரமாணம் என்றார். அதை விலக்குவதற்கு இரண்டே வழிகளை ஒப்புக்கொண்டார். ஒன்று, அதற்கு நேர்மாறான வேறோர் அறிவு வலுவாக எழுவது. மற்றொன்று, அந்த அறிவைப் பிறப்பித்த காரணத்தில் தோஷம் இருப்பது தெரியவருவது. வேதத்துக்குக் கர்த்தா இல்லை, ஆகையால் கர்த்தாவின் ஆசை, அறியாமை, வஞ்சகம் என்ற தோஷங்கள் அதற்கு இல்லை என்று நிலைநாட்டுவதற்காகவே அவர் இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டினார் என்பது பிரசித்தம். பௌருஷேயமான கருவிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நான் அதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன்: கருவியின் தோஷம் நம் ஆசை போகும் திசையிலேயே பேசுமானால், நாமும் அந்தத் தோஷத்தில் பங்காளிகள் ஆகிவிடுகிறோம். அழுத்தம் விழுந்தது என்று முள் சொன்னால் எல்லோரும் எர்த் கம்பியைச் சோதிக்கிறார்கள். அழுத்தம் அபாரமாக இருக்கிறது என்று சொன்னால் யார் சோதிக்கிறார்கள்? சந்தேகத்தைச் செலவிடுவதில் நாம் நடுநிலை தவறியவர்கள். கெட்ட செய்தியை மாத்திரம் குறுக்கு விசாரணை செய்கிறோம்.

முள்ளைப் படிப்பது அடுத்த விஷயம். கருவி மெய் சொன்னாலும் நாம் அதிலிருந்து பொய்யை அநுமானிக்கலாம். நையாயிகர்கள் உபாதி என்று ஒன்றைச் சொன்னார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்பது சரியன்று, ஏனெனில் ஈர விறகு என்ற உபாதி நடுவே நிற்கிறது. அழுத்தம் குறைந்தது, ஆகவே பேரிங் தேய்ந்துவிட்டது என்ற அநுமானத்தின் நடுவே நிற்கும் ஈர விறகு உஷ்ணம்தான். எண்ணெய் சூடேறச்சூடேற இளகும். இளகினால் அதே பம்ப் அதே வேகத்தில் சுழன்றாலும் அழுத்தம் குறையும். 80 பாகையில் 20 ராத்தல் என்பது வியாதி. 120 பாகையில் அதே 20 ராத்தல் அந்த உஷ்ணத்தின் குணமாக இருக்கலாம், அப்போது வியாதியை அழுத்தத்தில் தேடாமல் உஷ்ணத்தின் காரணத்தில் தேடவேண்டும். இரண்டு மானிகளைச் சேர்த்தே வாங்க வேண்டும், ஒன்று போதாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. உஷ்ணமானி இல்லாத அழுத்தமானி, உபாதி நீக்கப்படாத ஹேது, அதாவது அநுமானத்துக்குக் காட்டும் அடையாளம்.

இதைவிட விசித்திரமானது குளிர்ந்த காலைப்பொழுதில் நேர்வது. இஞ்சினைக் கிளப்பியவுடன் முள் துள்ளி உச்சிக்குப் போகிறது, பார்ப்பவர் மகிழ்கிறார். ஆனால் அழுத்தம் என்பது எண்ணெய் ஓடுவதன் அளவன்று, ஓட்டத்துக்கு நேரும் எதிர்ப்பின் அளவு. குளிர்ந்து தடித்த எண்ணெய் நுண்ணிய இடைவெளிகளில் நுழைய மறுப்பதால்தான் முள் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது. பேரிங்குகளுக்குப் போதிய எண்ணெய் எட்டாத நேரமும் அதுவே. சாத்தியத்தை, அதாவது நிறுவ வேண்டியதை, நிரூபிக்க வந்த ஹேது சாத்தியத்துக்கு எதிரானதையே நிரூபிப்பதற்கு விருத்தம் என்று பெயர். தர்க்க நூல்களில் அதற்குச் சப்தம் நித்தியமா அநித்தியமா என்ற உதாரணத்தைத் தவிர வேறொன்று கிடைக்காமல் மாணவர்கள் திண்டாடுவதை நினைத்தால், ஆசிரியர்கள் வகுப்பைக் காலை ஆறு மணிக்கு ஒரு கார் ஷெட்டில் நடத்தலாம் என்று தோன்றுகிறது.

ஆகம அளவையும் இங்கே வேலைக்கு வருகிறது. சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் அளவைகளை முதலில் வைத்து, காண்டலும் கருதலும் எட்டாத இடத்துக்கு உரையை வைத்தார். முள் காட்டும் எண்ணுக்குப் பொருள் சொல்லும் உரை, காரோடு வந்த பணிமனைக் கையேடு. பீட்டிலின் கையேடு, அழுத்தம் 28 ராத்தலுக்குக் கீழே போகலாகாது என்று வெறுமே விதிப்பதில்லை. SAE 30 எண்ணெயாக இருக்க வேண்டும், உஷ்ணம் 70 பாகை இருக்க வேண்டும், இஞ்சின் நிமிஷத்துக்கு 2500 சுற்று சுற்ற வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளோடு விதிக்கிறது. உபாதிகளையெல்லாம் முன்கூட்டியே விலக்கி வைத்த விதி அது. நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து ராத்தல் என்று மெக்கானிக்குகள் வாய்மொழியாக வழங்கும் கணக்கு ஸ்மிருதி; உதவும், ஆனால் ச்ருதியோடு முரண்பட்டால் தள்ளுபடி.

இவ்வளவு ஜாக்கிரதையாகப் படித்தாலும் அந்த முள் காட்டுவது எதை? 1883-இல் பிரிட்டனில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் துளையிட்டார். அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பை அடித்தார். அதுவும் மெல்ல மேலெழும்பியது. பிறகு அங்கே ஓர் அழுத்தமானியை வைத்தபோது, அச்சின்மேல் இருந்த சராசரிப் பாரம் சதுர அங்குலத்துக்கு 100 ராத்தலாக இருக்க, முள் 200-ஐத் தாண்டியது. சுழலும் அச்சு தானாகவே எண்ணெயை ஆப்புப் போன்ற மென்படலமாக உள்ளிழுத்து, அந்தப் படலத்தின்மேல் மிதக்கிறது என்பதை ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் கணிதத்தால் விளக்கினார். இஞ்சினைத் தாங்குவது அந்தப் படலத்தின் அழுத்தம். பம்பின் அழுத்தம் அதற்கு எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. நம் மானி காட்டுவதும் அதை மட்டுமே. தாங்குவது ஒன்று, காட்டப்படுவது ஒன்று. கார்யத்திலிருந்து ஈசுவரனை அநுமானித்த நையாயிகர் உதயனரும் லிங்கத்தைப் பிடித்துக்கொண்டு, அது சுட்டும் லிங்கியை நோக்கிப் போனவரே. லிங்கம் கிடைத்துவிட்டதால் லிங்கியே கைக்கு வந்துவிட்டது என்று எண்ணுவது அநுமானத்தையே மறுத்த சார்வாகனின் பிழைக்கு மறுபுறத்துப் பிழை.

பொய்ம்மானிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மாஸ்டா கம்பெனியின் மியாட்டா கார் 1989-இல் வந்தபோது அதில் உண்மையான அழுத்தமானி இருந்தது. 1995-ஆம் ஆண்டு மாடலிலிருந்து, அதே முகமும் அதே முள்ளும் இருக்க, பின்னால் இருந்த சென்சாரை எடுத்துவிட்டு ஒரு சுவிட்சை வைத்தார்கள். சில ராத்தல் அழுத்தம் இருந்துவிட்டால் போதும், முள் நடுவில் போய் நின்றுகொள்ளும். பத்தானாலும் அறுபதானாலும் அது அசையாது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று: அசையும் முள் கேள்வி கேட்க வைக்கும். அந்த முள் நடுவில் நிற்கும்போது அழுத்தமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்பதுதான் இதில் சுவாரசியம். அப்படியானால் அது தருவது மெய்யறிவா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் கண்டன கண்ட காத்யத்தில் இதைக் கேட்டுவிட்டார். அதிவீரராம பாண்டியரின் நைடதத்துக்கு மூலமான காவியத்தைச் செய்தவரும் அவரே. மூடிய கைக்குள் எத்தனை சோழி என்று கேட்டவனுக்கு, எந்த ஆதாரமும் இல்லாமல் ஐந்து என்று ஒருவன் சொல்கிறான். கையைத் திறந்தால் ஐந்தே இருக்கிறது. சொன்னது பொருளோடு ஒத்திருக்கிறது, ஆனாலும் அதைப் பிரமாண ஞானம் என்று யார் சொல்வார்? நையாயிகரின் இலக்கணங்களைத் தகர்ப்பதற்காக அவர் எடுத்த அந்தச் சோழிகள், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு காரின் முகப்பலகையில் முள்ளாக வந்து நின்றன. விளக்காவது தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னது. இந்த முள்ளோ தெரியாததையும் தெரிந்ததுபோல் நடிக்கிறது. விளக்கே மேல்.

இனி, மானியைச் சோதிக்க மற்றொரு மானி, அதைச் சோதிக்க இன்னொன்று என்று போனால் அநவஸ்தை. பரதப் பிராமாண்யக் கட்சிக்கு எதிராக மீமாம்சகர் வீசிய முதல் கணை இதுதான். பணிமனையில் நடப்பது இதற்கு நல்ல விடை. மின்சார மானி குறைவாகக் காட்டினால், இஞ்சினைப் பிரிக்கத் துணிவதற்கு முன், சென்சாரைக் கழற்றி அங்கே பூர்தோன் குழாய் மானி ஒன்றைத் திருகிப் பார்க்கிறார் மெக்கானிக். இரண்டும் ஒத்திருந்தால் எண்ணெயைச் சோதிக்கிறார். தேவையானால் மூன்றாவதாக அடித்தட்டைத் திறந்து வலையில் உலோகத் துகள் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அதற்கு மேல் அவர் போவதில்லை. மூன்று நான்கு ஞானங்களுக்கு மேல் வேண்டியதில்லை என்று குமாரிலரும் ஓரிடத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டார். சாலையில் போகும்போதோ அந்த மூன்றுக்கும் இடம் கிடையாது. முள் விழுந்தால் இஞ்சினை அணைத்து ஓரம் கட்ட வேண்டும். தோன்றிய அறிவு தானே பிரமாணம் என்று அங்கே நடந்துகொள்ளாதவர் கிராங்கைப் பறிகொடுப்பார். ஓட்டுபவர் மீமாம்சகராகவும், ஷெட்டில் ஸ்பானர் பிடிப்பவர் நையாயிகராகவும் இருப்பதே முறை என்று நான் கருதுகிறேன். கட்சி மாறி உட்கார்ந்தால் இருவரும் கெடுவார்கள்.

உதயனர் இதை ஒப்புக்கொண்டு போய்விட மாட்டார். அறிவின் உண்மை அறிவோடு கூடவே விளங்குமானால், பழக்கமில்லாத இடத்தில் ‘இது மெய்தானா’ என்ற சந்தேகம் எழுவதற்கே வழியில்லையே, ஆனால் எழுகிறதே என்று அவர் கேட்பார். மானி பொருத்தியவருடைய அநுபவம் அவருக்குச் சாதகமானது என்பதை மறைப்பதற்கில்லை. புதிதாகப் பொருத்திய முதல் வாரத்தில் முள்ளின் ஒவ்வோர் அசைவும் ஐயத்துக்கு இடம். காலையில் எங்கே நின்றது, உச்சி வெயிலில் மேடேறும்போது எங்கே இறங்கியது, நிறுத்தத்தில் எவ்வளவு தாழ்ந்தது என்று பலமுறை கண்டு, இந்த இஞ்சினுக்கு இது இயல்பு என்று மனம் தேறிய பிறகுதான் ஐயம் ஓய்கிறது. பட்டரின் சீடர் இதற்குச் சமாதானம் சொல்லலாம்: முதல் வாரத்தில் எழுந்தது கருவியின் தோஷத்தைப் பற்றிய சங்கையே, அறிவின் சொந்த பலம் அப்போதும் இருக்கவே இருந்தது, தடை நீங்கியதும் அது வேலை செய்கிறது என்பார். ஆனால் எண்ணெயின் ரகத்தை மாற்றி ஊற்றிய அன்று, கருவியில் ஒரு திருகுகூட மாறாமல் இருக்கும்போதே, அந்த முதல் வாரம் மறுபடி தொடங்கிவிடுகிறது. இதற்கு அவர் வேறொரு சமாதானம் தேட வேண்டியிருக்கும்.